25 சதவீத டிவிடெண்ட் 4 சதவீதமானது எப்படி: ஒரு பங்கின் ஐந்தாண்டுக் கணக்கு

மார்த்தாண்டம் பக்கம் சுயநிதிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 63. ஓய்வூதியம் கிடையாது. பி.எஃப். பணத்தில் கடன்களை அடைத்ததுபோக மிச்சம் 6 லட்சம். அதிலிருந்து மாதம் பத்தாயிரமாவது வந்தால்தான் வீடு நடக்கும். துபாயில் இருக்கும் மகன் செயலியில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு அழைக்கிறார்: "அப்பா, டிவிடெண்ட் யீல்டு 25 சதவீதம்னு போட்டிருக்கு. பேங்குல ஏழு, ஏழரைதான் தாறான்." அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அது உள்ளதுதானா மக்ளே?" மகன் செயலியின் படத்தை அனுப்பினார். 2023 ஏப்ரலில் பங்கு 300 ரூபாய் என்று 2,000 பங்குகள் வாங்கப்பட்டன.

இந்தக் குடும்பம் ஒரு மாதிரி. கணக்கு எளிதாக இருக்க, விலையும் 300 என்று முழுமையாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பங்கு உண்மையானது: துத்தநாகமும் வெள்ளியும் எடுக்கும் ஹிந்துஸ்தான் ஜிங்க், முகமதிப்பு (பங்குக்குக் குறித்த அடிப்படை மதிப்பு, சந்தை விலை வேறு) 2 ரூபாய். கீழே வரும் டிவிடெண்ட் தொகைகள், அதாவது பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்த பணம், எல்லாம் நிறுவனம் அறிவித்தவை.

செயலி பொய் சொல்லவில்லை

2022-23 நிதியாண்டில் இந்த நிறுவனம் நான்கு முறை இடைக்கால டிவிடெண்ட் கொடுத்தது. 2022 ஜூலையில் பங்குக்கு 21 ரூபாய், நவம்பரில் 15.50, 2023 ஜனவரியில் 13, மார்ச் கடைசியில் 26. மொத்தம் 75.50. அதை 300-ஆல் வகுத்தால் 25.17 சதவீதம். கணக்கில் பிழையே இல்லை. 2,000 பங்குக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய், மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். வீட்டுத் தேவையைத் தாண்டியே வருகிறது.

வந்தது என்ன? 2023 ஜூலையில் 7 ரூபாய், டிசம்பரில் 6 ரூபாய், அவ்வளவுதான். 2023-24 முழுவதற்கும் 26,000 ரூபாய். மாதத்துக்கு 2,167. போட்ட பணத்துக்கு 4.3 சதவீதம்.

செயலிகள் காட்டும் யீல்டு பெரும்பாலும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் கொடுத்து முடித்த தொகையை இன்றைய விலையால் வகுத்து வருவது. மேலே இருப்பது போன வருடத்துத் தொகை, கீழே இருப்பது இன்றைய விலை. இனி வரப்போவதைப் பற்றி அந்தப் பின்னத்தில் எதுவுமே இல்லை. ஏப்ரலில் வாங்கியவருக்கு அந்த 75.50-இல் ஒரு பைசாகூடக் கிடையாது; நான்காவது தவணையின் ரெக்கார்டு தேதியும் (அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கே டிவிடெண்ட்) மார்ச்சோடு முடிந்துவிட்டது.

இன்னொரு கோளாறும் உண்டு. பன்னிரண்டு மாத ஜன்னல் மெதுவாகத்தான் நகரும். ஜூலையில் பழைய 21 வெளியே போய் புதிய 7 உள்ளே வந்தபோது கூட்டுத்தொகை 61.50, 300 ரூபாய் விலைக்கு அப்போதும் யீல்டு 20 சதவீதத்துக்கு மேல். நவம்பர் கடைசியில் 15.50 கழிந்து 46. டிசம்பரில் 6 சேர்ந்து 52, அதாவது யீல்டு ஏறியது போலவே தெரியும். பிப்ரவரியில் 39. மார்ச் 26 கழிந்த பிறகுதான் 13 என்ற உண்மை நிலைக்கு வந்து சேரும். டிவிடெண்ட் ஜூலையிலேயே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அந்தச் சேதி சதவீதத்தில் முழுதாகத் தெரிய எட்டு மாதம் பிடித்தது. யீல்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அத்தனை மாதமும் தைரியமாகவே இருந்திருப்பார்.

வரலாற்றை வரிவரியாக எடுத்தால்

செய்திருக்க வேண்டிய வேலை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. தளத்தில் பங்கின் பக்கத்துக்குப் போய் கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் டிவிடெண்ட் வரிகளை எடுக்க வேண்டும். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டால் போதும்: ரெக்கார்டு தேதி, இடைக்காலமா இறுதியா சிறப்பா, பங்குக்கு எத்தனை ரூபாய், எந்த நிதியாண்டுக்கு உரியது, அந்த ஆண்டில் பங்குக்கு எத்தனை ரூபாய் லாபம். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். இந்தப் பங்குக்கு நிரப்பினால் இப்படி வரும்:

2020-21: டிவிடெண்ட் 37.80, லாபம் 18.89
2021-22: டிவிடெண்ட் 18, லாபம் 22.79
2022-23: டிவிடெண்ட் 75.50, லாபம் 24.88
2023-24: டிவிடெண்ட் 13, லாபம் 18.36
2024-25: டிவிடெண்ட் 29, லாபம் 24.50

2023 ஏப்ரலில் கடைசி இரண்டு வரிகள் கிடையாது. மேலே உள்ள மூன்றே போதும். பங்கு 24.88 ரூபாய் சம்பாதித்த ஆண்டில் 75.50 கொடுத்திருக்கிறது. மும்மடங்கு. மிச்சம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி வந்த உடனேயே 25 சதவீதம் கரைந்துவிடும். இந்த ஆய்வில் ஒரே ஒரு கணக்கை நினைவில் வைப்பதானால் அது இதுதான்: சம்பாதித்த 24.88 முழுவதையும், ஒரு பைசா மிச்சம் வைக்காமல் கொடுத்தாலும், 300 ரூபாய் விலைக்கு 8.3 சதவீதம்தான். அதற்கு மேல் வருவதெல்லாம் பழைய சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் வர முடியும். சுரங்கம் நடத்தும் நிறுவனம் இயந்திரத்துக்கும் புதிய தோண்டுதலுக்கும் லாபத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தே ஆகவேண்டும். ஆக 5 சதவீதம் என்று எதிர்பார்த்திருந்தால் நியாயம்.

எங்கிருந்து வந்தது அந்த 75.50?

நிறுவனத்துக்கு 422 கோடிச் சொச்சம் பங்குகள். பங்குக்கு 75.50 என்றால் சுமார் 31,900 கோடி ரூபாய். அந்த ஆண்டின் நிகர லாபம் 10,511 கோடி. மிச்சம் 21,000 கோடிக்கு மேல் எங்கே இருந்தது என்பதற்கு விடை இருப்புநிலைக் குறிப்பில் பச்சையாகவே இருக்கிறது. 2020-இல் இந்த நிறுவனத்திடம் ரொக்கமும் முதலீடுமாக 20,000 கோடிக்கு மேல் இருந்தது. 2023 மார்ச்சில் கடன் கையிருப்பைத் தாண்டிவிட்டது. பங்குதாரர் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) ஒரே ஆண்டில் 34,000 கோடி அளவிலிருந்து 13,000 கோடிக்கும் கீழே வந்தது. பொது இருப்பில் கிடந்த பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட தொகையை, பகிர்ந்து கொடுக்கத் தோதான கணக்குக்கு மாற்ற நிறுவனம் தனியாக ஒரு திட்டமே கொண்டுவந்தது. இவை எதுவும் ரகசியமல்ல, சட்டத்துக்குப் புறம்பானதும் அல்ல. கம்பெனிகள் சட்டம் முந்தைய ஆண்டுகளின் லாபத்திலிருந்தும் டிவிடெண்ட் கொடுக்க இடம் தருகிறது.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்குப் பங்குதாரர் பட்டியலைப் பார்க்க வேண்டும். அப்போது சுமார் 65 சதவீதம் வேதாந்தா கையில், 29.5 சதவீதம் மத்திய அரசின் கையில். வேதாந்தாவுக்கும் மேலே லண்டனில் ஒரு தாய் நிறுவனம், அதற்குத் திருப்பிக் கட்டவேண்டிய பெருங்கடன். கீழிருக்கும் நிறுவனத்தின் பணம் மேலே போக டிவிடெண்டுதான் நேர்வழி. அதே 2022-23-இல் வேதாந்தாவும் பங்குக்கு 101.50 கொடுத்து, மறு ஆண்டு 29.50-க்கு இறங்கியது. முதன்மைப் பங்குதாரருக்குப் பணம் எப்போது தேவை என்பதும் டிவிடெண்ட் வரலாற்றின் ஒரு பகுதிதான். அது செயலியில் வராது.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒழுங்காக நடக்கும் தோட்டத்தில் பால்வெட்டு ஒன்றுவிட்ட நாள். பட்டை மறுபடி வளர இடம் விட்டு வெட்டுவார்கள். மரத்தை முறித்து மறுநடவு செய்யப் போகிற கடைசிக் காலத்தில் நடப்பது கடும்வெட்டு: ஏணி வைத்து மேலேயும் ஒரு வெட்டு, கீழேயும் ஒரு வெட்டு, நாள் விடாமல். அந்தக் கடைசி வருடத்துப் பால் கணக்கைக் காட்டி யாராவது தோட்டத்துக்கு விலை பேசினால் ஆசிரியர் சிரித்திருப்பார். பங்கில் அதே கணக்கைப் பார்த்து 6 லட்சம் போட்டார். ஒப்புமை ஓரளவுக்குத்தான் செல்லும். சுரங்கம் முறிக்கப்படவில்லை, நிறுவனம் இன்னும் நன்றாகவே சம்பாதிக்கிறது. தீர்ந்தது சேர்த்துவைத்த கையிருப்பு.

விலையைப் பற்றி ஒரு நியாயம்

இந்த வாங்கல் நஷ்டத்தில் முடிந்தது என்று எழுதினால் தவறு. 2024 மார்ச்சில் விலை 300-க்குக் கீழே இருந்தது உண்மை. ஆனால் அடுத்த சில வாரங்களில் வெள்ளி விலையோடு சேர்ந்து பங்கு தாறுமாறாக ஏறியது. பின்னர் இறங்கியும், 2025 மார்ச் கடைசியில் 450-க்கு மேல் நின்றது. விற்றிருந்தால் நல்ல லாபம். 2024-25-இல் டிவிடெண்டும் மே மாதம் 10, ஆகஸ்டில் 19 என்று 29 ரூபாய் வந்தது. போட்ட பணத்துக்கு 9.7 சதவீதம். ஆனால் அந்த 29-உம் அந்த ஆண்டு லாபமான 24.50-ஐ விட அதிகம் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வேறு. ஆசிரியருக்கு வேண்டியது மாதாமாதம் வருவது. இரண்டு ஆண்டில் அவருக்கு வந்த டிவிடெண்ட் 84,000. சராசரி 7 சதவீதம். அதே 6 லட்சத்தை 2023 ஏப்ரலில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய், இரண்டு ஆண்டில் 98,400, தேதி தவறாமல். பங்கிலோ முதல் வருடம் ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஒன்றுமில்லை, டிசம்பருக்கும் அடுத்த மே மாதத்துக்கும் நடுவிலும் ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் வெள்ளி விலை ஏறும்வரை காத்திருக்க மாட்டார்.

வேறொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 6 லட்சத்திலிருந்து மாதம் பத்தாயிரம் என்பது ஆண்டுக்கு 20 சதவீதம். முதலைத் தொடாமல் அதைத் தரக்கூடிய நேர்மையான இடம் எதுவும் கிடையாது. செயலியில் பங்குகளை யீல்டு வாரியாக அடுக்கி மேலிருந்து கீழாகப் பார்ப்பவர் அந்த 20-ஐத் தேடித்தான் பார்க்கிறார். பட்டியலின் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே, ஒன்று கையிருப்பைக் காலி செய்தவை, இல்லையென்றால் விலை சரிந்தவை. தப்பு பங்கைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கவில்லை, அடுக்கிய முறையிலேயே தொடங்கிவிட்டது.

சீராக ஓடும் வரிசையும், சீரற்றதுபோலத் தோன்றும் வரிசையும்

ஒப்பிட அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவை எடுத்துக்கொள்ளலாம், முகமதிப்பு 10 ரூபாய். 2020-21 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பங்குக்கு 16, 17, 24.25, 25.50, 26.50. 2023-24-இல் பங்குக்கு 60 ரூபாய்க்கு மேல் சம்பாதித்து அதில் பாதிக்கும் குறைவாகவே கொடுத்திருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதையாவது கொடுக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு திருத்திய விதி சொல்கிறது. அதற்கு முன்பு அந்த 4 என்பது 5 ஆக இருந்தது. இங்கே யீல்டு வேறு மாதிரி ஏமாற்றும். 2023 ஏப்ரலில் 225 ரூபாய் விலைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் நின்ற யீல்டு, 2024 ஆகஸ்டில் விலை 500-ஐத் தாண்டியபோது 5 சதவீதத்துக்கு வந்தது. டிவிடெண்ட் குறையவில்லை, வகுக்கும் எண் பெரிதானது. யீல்டு பாதியானதைக் கண்டு பதறுவதற்கு முன் மேல் எண்ணா கீழ் எண்ணா எது அசைந்தது என்று பார்க்க வேண்டும்.

நோட்டில் நிதியாண்டுக் கட்டம் ஏன் தேவை என்பதற்கும் இதே பங்குதான் சாட்சி. 2022-23-க்கான இறுதி டிவிடெண்ட் 4 ரூபாய், அதன் ரெக்கார்டு தேதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி 2023 ஆகஸ்டில்தான் வந்தது. தேதியை மட்டும் வைத்துக் கூட்டுபவர் அதை அடுத்த ஆண்டில் சேர்ப்பார். இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழுவே அறிவித்துவிடும். இறுதி டிவிடெண்டைக் குழு பரிந்துரைக்கத்தான் முடியும், பொதுக்கூட்டத்தில் நிறைவேறினால்தான் பணம்.

டி.சி.எஸ். வரிசை முதல் பார்வைக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் போலவே குதிக்கும்: 2021-22 முதல் 43, 115, 73, 126. ஆனால் சிறப்பு டிவிடெண்ட் என்று பெயரிட்டுக் கொடுத்த 67, 18, 66 ரூபாய்களைத் தனியே எடுத்துவைத்தால் மிச்சம் 43, 48, 55, 60. ஏறுமுகமான படிக்கட்டு. ஹிந்துஸ்தான் ஜிங்க் வரிசையில் அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை. எல்லாமே இடைக்காலம் என்ற ஒரே பெயரில் வந்தவை. எது வழக்கமானது, எது ஒருமுறை வருவது என்று நிறுவனமே பிரித்துச் சொல்லாதபோது லாபத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

போனஸ், முகமதிப்புப் பிரிப்பு நடந்த பங்குகளில் பழைய வரிகளை அப்படியே வைத்துக் கூட்டக்கூடாது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024-25-க்கு 22 ரூபாய் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம். பிறகு பார்ப்பவர் அந்த 22-ஐ 11 என்று எழுதினால்தான் பாதியான விலையோடு பொருந்தும். சில தளங்கள் இதைத் தாமே சரிசெய்யும், சில செய்யாது. இரண்டு தளத்தின் எண் சரியாக இரட்டிப்பாக வேறுபட்டால் காரணம் அநேகமாக இதுதான். செய்தித்தாளில் வரும் "1,300 சதவீத டிவிடெண்ட்" வகைத் தலைப்பு முகமதிப்பின்மேல் போட்ட சதவீதம். 2 ரூபாய் முகமதிப்பில் 1,300 சதவீதம் என்றால் 26 ரூபாய். அந்தத் தலைப்பால் வாங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ரெக்கார்டு தேதிக்கு முதல் நாள் வாங்கி டிவிடெண்டைப் பிடித்துக்கொண்டு விற்றுவிடலாமே என்ற யோசனை நாகர்கோவில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குக்கும் மறுநாளே பட்டுவாடா என்பதால், ரெக்கார்டு தேதிக்கு ஒரு வர்த்தக நாள் முன்பே வாங்கியிருக்க வேண்டும். ரெக்கார்டு தேதியன்றே வாங்கினால் கிடையாது. கிடைத்தாலும் எக்ஸ் தேதியன்று (வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாள்) விலை ஏறக்குறைய அந்தத் தொகை அளவுக்கு இறங்கித்தான் திறக்கும். தரகும் வரியும் கைநஷ்டம்.

கைக்கு வரும் வழியில்

ஆசிரியரின் 2023-24 டிவிடெண்டில் ஜூலைத் தவணை 14,000, டிசம்பர்த் தவணை 12,000. அந்த ஆண்டுகளில் ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி; 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10,000. ஆக 1,400-உம் 1,200-உம் பிடிக்கப்பட்டு 23,400 மட்டும் வங்கிக்கு வந்தது. பான் இணைக்காமல் இருந்திருந்தால் 20 சதவீதம் போயிருக்கும். வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானமே இல்லை. ஆனாலும் 2,600 ரூபாயைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டி வந்தது. முதலிலேயே 15ஹெச் படிவத்தை (வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழி) நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. தரகரிடம் கொடுத்தால் செல்லாது, வங்கியில் வைப்புநிதிக்குக் கொடுத்த 15ஹெச் இதற்கும் சேராது. பெரும்பாலும் ரெக்கார்டு தேதியை ஒட்டி ஒரு கெடு வைத்து நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பும். மகனின் மின்னஞ்சலை டீமேட் கணக்கில் கொடுத்திருந்ததால் அது துபாயில் படிக்கப்படாமல் கிடந்தது.

மகன் தன் பெயரிலேயே வாங்கியிருந்தால் இன்னும் மோசம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதமும் செஸ்ஸும். ஐக்கிய அரபு அமீரகத்தோடு உள்ள ஒப்பந்தப்படி 10 சதவீதமாகக் குறைக்கலாம். அதற்கு அங்குள்ள வரி வசிப்பிடச் சான்றும் அப்போது 10எஃப் படிவமும் வேண்டியிருந்தது.

வங்கிக் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்த பின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. டீமேட் கணக்கில் பழைய எண்ணே இருந்தால் டிவிடெண்ட் திரும்பிப் போகும். அறிவித்த 30 நாளில் சேராத பணம் கொடுபடாத டிவிடெண்ட் கணக்குக்கு மாறும். ஏழு ஆண்டு கேட்காமல் விட்டால் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு, தொடர்ந்து ஏழு ஆண்டு என்றால் பங்கும் சேர்ந்தே போகும். திரும்பப் பெறலாம், ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டு, பொறுமையோடு. சேராத தவணை ஒன்றிரண்டுதான் என்றால் பதிவாளருக்குப் புதிய வங்கி விவரத்தோடு எழுதினாலே மறுபடி அனுப்பிவிடுவார்கள்.

2024-25-இல் 15ஹெச் நேரத்துக்குப் போனது. மே மாதம் 20,000, ஆகஸ்டில் 38,000, இரண்டும் முழுதாக வந்தன. படிவம் அந்த நிதியாண்டோடு சரி. அடுத்த ஏப்ரல் பிறந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும், இந்த முறை ஆசிரியரின் மின்னஞ்சலிலிருந்தே.